மரப்பீப்பாய் விஸ்கி: செலவுக் கணக்குல எழுதுங்க, முதலீட்டுக் கணக்குல எழுதாதீங்க

போன மாசம் போட்ட "சம்பளக்காரங்களுக்குத் தேவையில்லாத முதலீடுகள்" வீடியோவுக்குக் கீழ நிறைய கேள்வி வந்துச்சு. அதுல ஒண்ணு இண்டூர் தம்பி ஒருத்தர் கேட்டது. இப்ப பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில வேலை பார்க்கிறார். "அண்ணா, ஆபீஸ்ல எல்லாரும் சிங்கிள் மால்ட் பத்தித்தான் பேசறாங்க. ஷெர்ரி காஸ்க் ஃபினிஷ் பாட்டில் வாங்கி வெச்சா விலை ஏறுமாம். ஸ்காட்லாந்துல ஒரு பீப்பாயையே வாங்கிப் போடலாம், வருஷம் 12% உறுதியா வரும்னு ஒரு ஏஜென்ட் சொல்றார். பண்ணலாமா?"

ஒரு வரியில பதில் வேணும்னா: பண்ணாதீங்க. ஆனா இதே கேள்வி வேற வேற வார்த்தையில இன்னும் நாலஞ்சு பேர்கிட்ட இருந்தும் வந்திருக்கு. அதனால வீடியோவுல சொல்ல நேரமில்லாததை இங்க விரிவா எழுதறேன்.

முதல்ல ரெண்டு விஷயம். இந்தப் பதிவுக்கு எந்த கம்பெனியும் காசு குடுக்கல. அடுத்து, குடிக்காதவங்க இதைப் படிச்சுட்டு ஆரம்பிக்க வேண்டிய அவசியம் துளியும் இல்ல. "மது எந்த அளவுல குடிச்சாலும் பாதுகாப்பானது இல்ல"ன்னு உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில வெளிப்படையாவே சொல்லிடுச்சு. தமிழ்நாட்டுல 21 வயசுக்குக் கீழ வாங்கவே கூடாது. இது ஏற்கெனவே எப்பவாவது குடிக்கிறவங்களுக்கும், "இன்வெஸ்ட்மென்ட்"ங்கிற பேர்ல பணத்தைப் போட நினைக்கிறவங்களுக்கும்.

ஃபினிஷ்னா என்ன?

நம்ம தருமபுரி பக்கம் கேழ்வரகை முளை கட்டி, காய வெச்சு, அரைச்சு மால்ட் போடுவோம் இல்லையா, அதே மால்ட்தான். அங்க தானியம் மட்டும் பார்லி. முளை கட்டின பார்லியை ஊற வெச்சு, நொதிக்க வெச்சு, செம்புப் பானையில காய்ச்சி இறக்குவாங்க. முழுக்க மால்ட் பார்லி, ஒரே டிஸ்டில்லரியில தயாரானதுன்னா அது சிங்கிள் மால்ட். நம்ம ஊர்ல "விஸ்கி"ன்னு விக்கிற பெரும்பாலான சரக்குல அடிப்படையா இருக்கிறது கரும்பு மொலாசஸ்ல இருந்து எடுத்த ஸ்பிரிட். ஐரோப்பாவுல அதை விஸ்கின்னு லேபிள் ஒட்டி விக்கவே முடியாது.

காய்ச்சி இறக்கினது தண்ணி மாதிரி நிறமில்லாமத்தான் இருக்கும். நிறமும் வாசனையில பெரும்பகுதியும் ஓக் மரப்பீப்பாய்ல கிடக்கிற காலத்துலதான் வருது. ஸ்காட்ச்னு பேர் வைக்கணும்னா குறைஞ்சது 3 வருஷம், 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாய்ல இருந்தாகணும்னு அவங்க சட்டமே இருக்கு. பெரும்பாலும் அமெரிக்காவுல பர்பன் ஊத்தி வெச்சிருந்த பழைய பீப்பாயைப் பயன்படுத்துவாங்க. காரணம் சுவையும்தான், கணக்கும்தான். பர்பனுக்குப் புதுசா கரிச்ச ஓக் மட்டும்தான் பயன்படுத்தணும்னு அமெரிக்கச் சட்டம். அதனால ஒரு தடவை பயன்படுத்தின பீப்பாய் உலகச் சந்தைக்கு வந்துகிட்டே இருக்கு.

பர்பன் பீப்பாய்ல சில வருஷம் வளர்ந்த விஸ்கியை, கடைசிக் கட்டத்துல ஷெர்ரி, போர்ட், ரம் மாதிரி வேற ஒண்ணு இருந்த பீப்பாய்க்கு மாத்தி சில மாசமோ ஒண்ணு ரெண்டு வருஷமோ வைக்கிறதுதான் காஸ்க் ஃபினிஷ். ஸ்காட்லாந்துல பால்வெனி டிஸ்டில்லரியோட டேவிட் ஸ்டூவர்ட் 1980-கள்ல இதை ஒரு முறையா வளர்த்தெடுத்தார்.

மார்ச் மாசம் கடைசி வாரத்துல ஓடி வந்து "சார், ஏதாவது டேக்ஸ் சேவிங் போடணும்"னு சொல்றவங்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். பதினோரு மாசம் கணக்கு ஒழுங்கா இருந்தா, அந்தக் கடைசி மாசம் நல்ல முடிவைத் தரும். பதினோரு மாசமும் கோட்டை விட்டவங்களுக்கு மார்ச்ல எதை வாங்கினாலும் ஒட்டாது. ஃபினிஷும் அப்படித்தான். உள்ள இருக்கிற ஸ்பிரிட் நல்லா இருந்தா ஷெர்ரி பீப்பாய் அதுக்கு மேல ஒரு அடுக்கு சேர்க்கும். இல்லன்னா வெறும் இனிப்புப் பூச்சு. லேபிள்ல "ஷெர்ரி"ங்கிற வார்த்தைக்கு மட்டும் ஆயிரம் ரூபா கூடக் குடுக்கறதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

பெங்களூரு தேவதைகளும் கூட்டு வட்டியும்

இதுல உலக அளவுல பேசப்படுற ஒரு கதை நம்ம ஊருக்கு சுமார் 130 கிலோமீட்டர்லயே இருக்கு. பெங்களூருவோட அம்ருத் டிஸ்டில்லரிஸ், 1948-ல தொடங்கினது. 2004 ஆகஸ்ட் 24-ல அவங்களோட சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தோட கிளாஸ்கோவுலயே கொண்டு போய் அறிமுகப்படுத்தினாங்க. 2010-ம் வருஷத்து விஸ்கி பைபிள் புத்தகத்துல ஜிம் முர்ரே, அம்ருத் ஃபியூஷனை உலகத்தோட மூணாவது சிறந்த விஸ்கின்னு எழுதினதுக்கு அப்புறம்தான் பலரும் திரும்பிப் பார்த்தாங்க.

ஃபினிஷ் விஷயத்துல அவங்க ஒரு படி மேல போனாங்க. "இன்டர்மீடியட் ஷெர்ரி"யில பர்பன் பீப்பாய், நடுவுல ஷெர்ரி பீப்பாய், திரும்பவும் பர்பன் பீப்பாய். "போர்ட்டோநோவா"வுல ஷெர்ரிக்குப் பதிலா போர்ட். ஷெர்ரி கடைசியில இல்ல, நடுவுல. அதனாலதான் "இன்டர்மீடியட்"னு பேர். கோவாவுல பால் ஜான், ஹரியானாவுல இந்த்ரின்னு இப்ப வரிசை நீளுது. இந்த்ரியோட "ட்ரினி"யில பர்பன், பிரெஞ்சு ஒயின், ஷெர்ரின்னு மூணு வகை பீப்பாய் சேருது.

இப்ப என் தொழிலுக்கு வர்றேன். பீப்பாய்ல இருந்து வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாகிப் போகும். அதுக்கு தேவதைகளோட பங்குன்னு செல்லப் பேர். ஸ்காட்லாந்துக் குளிர்ல அது வருஷத்துக்கு சுமார் 2%. பெங்களூரு வெயில்ல 10%-க்கும் மேல. கால்குலேட்டரை எடுங்க.

200 லிட்டர் பீப்பாய், வருஷம் 2% இழப்பு: 12 வருஷம் கழிச்சு சுமார் 157 லிட்டர் மிஞ்சும்.
அதே பீப்பாய், வருஷம் 10% இழப்பு: 5 வருஷத்துல 118 லிட்டர். 8 வருஷத்துல 86. 12 வருஷத்துல வெறும் 56 லிட்டர்.

அதனாலதான் பெரும்பாலான இந்திய மால்ட்ல "12 இயர்ஸ்"னு எண்ணைப் பார்க்க முடியாது. வெயில்ல மரமும் சரக்கும் வேகமா வேலை செய்யுது, அதனால நாலஞ்சு வருஷத்துலயே பக்குவம் வந்துடுது. அம்ருத் 8 வருஷம் காத்திருந்து வெளியிட்ட ஒண்ணுக்கு "கிரீடி ஏஞ்சல்ஸ்", அதாவது பேராசைக்கார தேவதைகள்னு பேர் வெச்சாங்க. வயசு எண் பெருசா இருந்தா சுவையும் பெருசுங்கிறது ஸ்காட்லாந்துக் குளிருக்குப் போட்ட கணக்கு. அதை இங்க அப்படியே பொருத்த முடியாது.

வருஷம் 2%-க்கும் 10%-க்கும் உள்ள வித்தியாசம் முதல் வருஷம் கண்ணுக்கே தெரியாது. உங்க மியூச்சுவல் ஃபண்டோட கமிஷனும் இப்படித்தான் தெரியாமப் போகுது. 1 லட்சம் ரூபா 12%-ல 20 வருஷத்துல சுமார் 9.65 லட்சம். 11%-ல சுமார் 8.06 லட்சம். ஒரே ஒரு சதவீதம், ஒன்றரை லட்சத்துக்கு மேல ஆவி. ரெகுலர் பிளானா டைரக்ட் பிளானான்னு உங்க ஸ்டேட்மென்ட்டை இன்னிக்கே எடுத்துப் பாருங்க.

ரசிக்கிறது எப்படி?

"காசு குடுத்து வாங்கிட்டு கோலா ஊத்தி அடிக்கிறாங்க"ன்னு கிண்டல் பண்ற ஆள் நான் இல்ல. உங்க காசு, உங்க கிளாஸ். ஆனா ஒரு பாட்டிலுக்கு 5,000 ரூபா குடுக்கறீங்கன்னா, அந்தக் கூடுதல் காசு எதுக்குன்னு மூக்குக்கும் நாக்குக்கும் தெரியணும். கோலா ஊத்தினா ஷெர்ரிக்குக் குடுத்த காசும் அதுல கரைஞ்சு போயிடும்.

30 மில்லி போதும். வாய் குறுகின சின்ன கிளாஸ் இருந்தா நல்லது, வாசனை உள்ளயே நிக்கும். ஸ்டீல் டம்ளர்ல நிக்காது. ஐஸ் போட்டா நாக்கு மரத்துப் போகும், அதனால முதல் ரவுண்டு ஐஸ் வேணாம். மூக்கை கிளாஸுக்குள்ள விட்டு இழுக்காதீங்க, ஆல்கஹால் சுள்ளுன்னு ஏறும். கொஞ்சம் தள்ளி வெச்சு, வாயை லேசா திறந்துகிட்டு மெதுவா மோந்து பாருங்க.

முதல் சிப்புல எரிச்சல் மட்டும்தான் தெரியும். அதை வெச்சு தீர்ப்பு சொல்லாதீங்க. ரெண்டாவது சிப்பை வாய்ல அஞ்சாறு நொடி வெச்சிருந்து விழுங்குங்க. அப்புறம் நாலு சொட்டு தண்ணி விட்டு மறுபடியும் மோந்து பாருங்க. சில நல்ல மால்ட் 50%, 57%, 62%-னு வர்றதால தண்ணி சேர்க்கறது கௌரவக் குறைச்சல் இல்ல, அவசியம்.

வெளிநாட்டு ரிவியூல ஃபிக், டாஃபி, மார்மலேடுன்னு என்னென்னமோ எழுதுவாங்க. அதை மனப்பாடம் பண்ண வேணாம். நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டியும் மளிகைக் கடையும் போதும். பர்பன் பீப்பாய்ல வெனிலா, தேன், கொஞ்சம் கொப்பரை வாசம். ஷெர்ரியில உலர் திராட்சை, பேரீச்சை, அத்தி, கிராம்பு. வெல்லப்பாகு காயுற வாசமும் சிலதுல வரும். பீட் புகை காட்டின மால்ட்னா விறகடுப்பு அணைஞ்ச சமையல்கட்டு. உங்களுக்கு புளி உலர்த்தின களம் ஞாபகம் வந்தா, அதுதான் உங்களுக்கான சரியான பதில். விழுங்கின பிறகு எவ்வளவு நேரம், எந்த ருசி நிக்குதுன்னு பாருங்க.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. ஸ்காட்ச்லயே கேரமல் நிறம் சேர்க்க சட்டம் அனுமதிக்குது. கருப்பா இருந்தா பழசுன்னு அர்த்தம் இல்ல.

இன்னொண்ணு. ரெண்டாவது பெக்குக்கு மேல மூக்கும் நாக்கும் வேலை செய்யாது. அதுக்கு அப்புறம் 5,000 ரூபா பாட்டிலும் 500 ரூபா பாட்டிலும் ஒண்ணுதான். ரசிக்கிறவன் தானாவே குறைவாத்தான் குடிப்பான்னு நான் நம்பறது இதனாலதான். நாலாவது பெக்கையும் "டேஸ்டிங்"னு சொல்றவர் டேஸ்ட் பண்ணல, குடிக்கிறார்.

விலைக்குள்ள என்ன இருக்கு?

குடிக்கிற மது ஜிஎஸ்டிக்கு வெளிய இருக்கு. அரசியலமைப்புச் சட்டத்துலயே அதுக்குத் தனி விலக்கு. மாநிலத்தோட ஆயத்தீர்வையும் விற்பனை வரியும்தான் அதுல. அதனாலதான் அதே பாட்டில் பெங்களூருல ஒரு விலை, தருமபுரியில ஒரு விலை, கோவாவுல ஒரு விலை. ஓட்டல்ல சாப்பிட்டா பில்லைப் பாருங்க, சாப்பாட்டுக்குத்தான் ஜிஎஸ்டி. டிரிங்க்ஸ் தொகையையும் சேர்த்து ஜிஎஸ்டி போட்டிருந்தா கேளுங்க, தப்பு.

"விலை கம்மி"ன்னு வார இறுதியில பெங்களூருல இருந்து பையில வெச்சு எடுத்துட்டு வர்ற பழக்கம் நம்ம பக்கம் உண்டு. கர்நாடகத்துல விக்க மட்டும்னு இருக்கிற பாட்டிலை ஓசூர் தாண்டிக் கொண்டு வந்தா மதுவிலக்குச் சட்டத்துல வழக்கு. எழுநூறு ரூபா மிச்சம் பண்ணப் போய், நாளைக்கு வேலைக்கான பின்னணிச் சரிபார்ப்புல எஃப்ஐஆர் வந்து நிக்கும்.

இறக்குமதி ஸ்காட்ச்சுக்கு ரொம்ப காலமா 150% சுங்க வரி. 2025 ஜூலை 24-ல கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் ஒப்பந்தப்படி அது முதல்ல 75%, பத்தாவது வருஷத்துல 40%. "அப்ப விலை பாதியாகுமா?"ன்னு கேட்டவங்களுக்கு ஒரு உதாரணம். துறைமுகத்துக்கு வந்து சேர்ற விலை 1,000 ரூபான்னு வெச்சுக்குங்க. 150%-ல 2,500. 75%-ல 1,750. அதுக்கு மேலதான் மாநில வரி, விநியோகஸ்தர், கடை எல்லாம். சுங்க வரி பாதியானாலும், அந்தக் கட்டத்துலயே விலை குறையறது 30%தான். பாட்டில் விலையில எவ்வளவு குறையும்ங்கிறது மாநில வரி கையில இருக்கு.

வாங்க வழி இருக்கு, விக்க வழி இருக்கா?

இப்ப தம்பி கேட்ட முக்கியமான கேள்வி. பாட்டில் முதலீடா?

எந்த முதலீட்டைக் கொண்டு வந்தாலும் நான் முதல்ல கேட்கிறது "எவ்வளவு வரும்?" இல்ல. "யார்கிட்ட, எப்படி, எந்தச் சட்டப்படி விப்பீங்க?" தங்கத்துக்குப் பதில் இருக்கு. ஃபண்டுக்கு இருக்கு. இண்டூர் பக்கத்துல ஒரு காணி நிலத்துக்குக் கூட இருக்கு, கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். விஸ்கி பாட்டிலுக்கு? தமிழ்நாட்டுல 2003-ல இருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில. லைசென்ஸ் இல்லாம நீங்க ஒரு பாட்டிலை வித்தா அது குற்றம். லண்டன் ஏலத்துல அரிய பாட்டில் கோடிக்கு போச்சுங்கிற செய்தி உண்மைதான். அது அங்க இருக்கிற சட்டப்பூர்வ ஏலச் சந்தை. உங்க அலமாரியில இருக்கிற பாட்டிலுக்கு அந்தக் கதவு திறக்காது. விக்க வழியில்லாத சொத்துக்கு மதிப்பு எவ்வளவு ஏறினா என்ன?

அடுத்து பீப்பாய். இங்கதான் பெரிய பணம் போகுது, அதனால கவனமா படிங்க.

சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்சை 2012-ல இருந்து ஸ்காட்லாந்துலயேதான் பாட்டில்ல அடைக்கணும். பீப்பாயா வெளிய எடுத்துட்டு வரவே முடியாது. ஆக, உங்க பீப்பாய் யாரோ ஒருத்தரோட கிடங்குல, நீங்க பார்க்காத இடத்துல இருக்கும். உங்க கையில ஒரு சர்டிஃபிகேட். அந்தப் பீப்பாய் இருக்கா, உங்க பேர்ல இருக்கான்னு கிடங்குக்காரர் தன் பதிவுல எழுதினாத்தான் அது உங்களது. புரோக்கர் அடிச்சுக் குடுத்த கலர் பேப்பருக்கு அந்த பலம் இல்ல. ஒரே பீப்பாயைப் பல பேருக்கு வித்த மோசடிகளை 2025-ல பிபிசி புலனாய்வு பண்ணி வெளியிட்டுச்சு. அங்கயே குடியிருக்கிறவங்களே ஏமாந்திருக்காங்க. எலக்ட்ரானிக் சிட்டியில உக்காந்துகிட்டு நீங்க எப்படிச் சரிபார்ப்பீங்க?

பீப்பாய் நல்லபடியா இருந்தாலும் தேவதைகள் சும்மா இருக்க மாட்டாங்க. அளவும் குறையும், ஆல்கஹால் சதவீதமும் குறையும். 40%-க்குக் கீழ போயிட்டா அதை ஸ்காட்ச்னே விக்க முடியாது. வாடகை, இன்சூரன்ஸ் தனி.

வரி. "பிரிட்டன்ல இதுக்கு கேப்பிட்டல் கெயின்ஸ் டேக்ஸ் கிடையாது"ன்னு ஏஜென்ட் சொல்லுவார். அது அங்க இருக்கிறவங்களுக்கான பேச்சு. நீங்க இந்தியாவுல ரெசிடென்ட்னா உலகத்துல எங்க லாபம் வந்தாலும் இங்க வரி. பணம் அனுப்பறப்ப வருஷத்துக்கு 10 லட்சத்துக்கு மேல போனா வங்கி 20% டிசிஎஸ் பிடிக்கும். ரிட்டர்ன்ல ஷெட்யூல் எஃப்ஏ-வுல வெளிநாட்டுச் சொத்துன்னு காட்டணும். அப்படிப்பட்ட சொத்தோட மொத்த மதிப்பு 20 லட்சத்துக்கு மேல இருந்து காட்டாம விட்டா, கருப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் அபராதம் போட முடியும். ஏஜென்ட் குடுக்கிற பிரவுச்சர்ல இதெல்லாம் வராது.

"வருஷம் 12% உறுதி"ங்கிற வார்த்தை ஒண்ணே போதும், நீங்க எழுந்து வர்றதுக்கு. விலை ஏறி இறங்குற பொருள்ல உறுதியான வருமானம்னு ஒண்ணு கிடையாது.

குடிக்கிறதை மறைக்காதீங்க

வீட்ல மறைக்கிறது உங்க விஷயம். இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட மறைக்கிறது உங்க குடும்பத்தோட விஷயம். டெர்ம் பாலிசி ஃபார்ம்ல மது பழக்கம் பத்திக் கேட்பாங்க. "எப்பவாவதுதானே"ன்னு இல்லைன்னு டிக் பண்ணிடறோம். இன்சூரன்ஸ் சட்டம் 45-வது பிரிவுப்படி, லைஃப் பாலிசியை முதல் 3 வருஷத்துக்குள்ள கம்பெனி கேள்வி கேட்க முடியும். குடிப்பழக்கத்தை மறைச்சு எடுத்த ஒரு ஹெல்த் பாலிசியில கிளெய்மை மறுத்தது சரிதான்னு 2025 மார்ச்ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. உண்மையை எழுதினா பிரீமியம் கொஞ்சம் ஏறலாம். ஏறட்டும். இண்டூர்ல உங்க அம்மா அப்பா கையில அந்த கிளெய்ம் போய்ச் சேரணும் இல்லையா?

என் கருத்து

ஒரு குவார்ட்டர் 200 ரூபான்னு வெச்சுக்குங்க. வாரம் மூணுன்னா வருஷத்துக்கு 156. செலவு 31,200 ரூபா, உடம்புக்குள்ள போறது 28 லிட்டர் சரக்கு. இதே ஆள் வருஷத்துக்கு 5,000 ரூபாயில ரெண்டு பாட்டில் வாங்கி, நண்பர்களோட 30 மில்லி 30 மில்லியா ரசிச்சா, செலவு 10,000, அளவு ஒன்றரை லிட்டர், அதையும் பகிர்ந்துக்கறார். குடிக்காம இருக்கிறதுதான் ரெண்டையும் விட லாபம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா குடிக்கிறவர் ஒருத்தர் முதல் கணக்குல இருந்து ரெண்டாவது கணக்குக்கு மாறினா நான் சந்தோஷப்படுவேன். ரெண்டையும் சேர்த்துப் பண்ணினா மட்டும்தான் சிக்கல். பெரும்பாலும் நடக்கிறதும் அதுதான்.

அதனால என் விதிகள் இவ்வளவுதான். எமர்ஜென்சி ஃபண்டும் டெர்ம் பாலிசியும் இல்லாதவங்க சிங்கிள் மால்ட் பேச்சே எடுக்க வேணாம். கிரெடிட் கார்டு இஎம்ஐ-ல பாட்டில் வாங்காதீங்க. காலியான பாட்டிலுக்கு ஆறு மாசம் வட்டி கட்டறது மாதிரி ஒரு சோகம் கிடையாது. தனியா முழு பாட்டில் வாங்கறதுக்கு முன்னாடி, ஒரு நல்ல பார்ல 30 மில்லி வாங்கிப் பாருங்க, இல்லன்னா நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டில் வாங்குங்க. 750 மில்லி பாட்டில்ல 25 பெக், ஆளுக்கு 1,250 ரூபா. வெளிநாடு போய்ட்டு வர்றவங்க 2 லிட்டர் வரைக்கும் சுங்க வரி விலக்குல கொண்டு வரலாம், அதுலயும் பங்கு போட்டுக்கலாம். ஆபீஸ்ல மேனேஜர் பேசறார்ங்கிறதுக்காக வாங்காதீங்க. அவர் சம்பளம் வேற, உங்க சம்பளம் வேற.

உங்க எக்ஸெல் ஷீட்ல சினிமா, டூர், பிரியாணின்னு ஒரு வரிசை இருக்கும். சிங்கிள் மால்ட்டுக்கு இடம் அங்கதான். எஸ்ஐபி, பிபிஎஃப், தங்கம்னு இருக்கிற வரிசைப் பக்கம் அதைக் கொண்டு போகாதீங்க. செலவுன்னு ஒத்துக்கிட்டா குற்ற உணர்ச்சி இல்லாம ரசிக்கலாம்.

உங்க ஆபீஸ்லயும் யாராவது பீப்பாய் ஸ்கீம் பத்திப் பேசினா, அவங்க அனுப்பின பிரவுச்சரை நம்ம சேனலுக்கு அனுப்புங்க. பேரை எல்லாம் மறைச்சுட்டு அடுத்த வீடியோவுல வரி வரியாப் படிச்சுக் காட்டறேன். பணம் போடறதுக்கு முன்னாடி அனுப்புங்க.